லேபிள் கணக்கு இடிக்கிறதா? தராசிலிருந்து தொடங்குங்கள்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும். சிங்கப்பூர் ஈசூனில் வீட்டிலிருந்தே முறுக்கு சுட்டு விற்கும் அக்கா ஒருவர் இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். ஏதோ ஒரு செயலியில் அவரே தயாரித்த ஊட்டச்சத்து லேபிள். கீழே ஒரு வரி: "தம்பி, இத ப்ரின்ட்டுக்குக் குடுத்துடவா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 100 கிராம் முறுக்கில் கொழுப்பு 175 கிராம்.

"குடுக்காதீங்கக்கா. நூறு கிராம் முறுக்குக்குள்ள நூத்தி எழுபத்தஞ்சு கிராம் எண்ணெய் எப்படி உக்காரும்?"

சற்று நேரம் பதில் இல்லை. பிறகு சிரிப்பு முகம் ஒன்று வந்தது.

சின்ன அளவில் பொடி, தொக்கு, பலகாரம், சர்பத் என்று போடுகிறவர்களுக்கு லேபிள் கணக்குப் பார்த்துத் தருவது என் வேலை. வருகிற சிக்கல்கள் பெரும்பாலும் ஒரு பத்துதான், திரும்பத் திரும்ப வரும். அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். உங்கள் லேபிளில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போய்விடலாம். ஆனால் ஒன்று: எல்லாரும் சத்துப் பட்டியலைத்தான் முதலில் சந்தேகப்படுகிறார்கள். நான் பார்த்தவரை தப்பு அங்கே இருப்பது குறைவு. சமைத்து ஆறிய பிறகு மொத்தம் எத்தனை கிராம் வந்தது என்று யாரும் எடை போடுவதில்லை. முக்கால்வாசிக் கோளாறு அதில்தான்.

முதலில், அட்டவணை வேண்டுமா?

சிங்கப்பூரில் உறையிட்ட எல்லா உணவுக்கும் ஊட்டச்சத்து அட்டவணை கட்டாயம் இல்லை. "புரதம் நிறைந்தது", "சர்க்கரை இல்லை", "நார்ச்சத்து மிக்கது" என்று சத்தைப் பற்றி உறையில் ஏதாவது சொன்னால் கட்டாயம். அப்போது ஆற்றல், புரதம், கொழுப்பு, மாவுச்சத்து ஆகிய நான்கும், நீங்கள் எந்தச் சத்தைச் சொல்லி விற்கிறீர்களோ அதுவும் இருக்க வேண்டும். உறையிட்ட பானங்களுக்கு நியூட்ரி-கிரேட் விதிகள் தனி: சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் பார்த்து ஏ முதல் டி வரை ஓர் எழுத்து தரும் முறை. அதைப் பின்னால் பார்ப்போம். ஒன்றுமே சொல்லாமல் வெறும் "பருப்புப் பொடி" என்று விற்றால் அட்டவணை இல்லாமலும் விற்கலாம். ஆனால் பொருளின் பெயர், சேர்மானங்கள், ஒவ்வாமை தரும் பொருள்கள், நிகர எடை, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, இறக்குமதி என்றால் எந்த நாடு என்பவை கட்டாயம் இருக்க வேண்டும். அதுவும் ஆங்கிலத்தில். தமிழை எவ்வளவு வேண்டுமானாலும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கொழுப்பு நூறைத் தாண்டுகிறது, அல்லது பொரித்த பண்டத்தில் கொழுப்பே இல்லை

அக்காவின் முறுக்குக்கு வருவோம். அவர் போட்ட சேர்மானம்: அரிசி மாவு 1000 கிராம், உளுத்தம் மாவு 250, வெண்ணெய் 100, உப்பு 25, எள் 20. பொரிக்க எண்ணெய் 3000 கிராம். செயலியில் எண்ணெயையும் முழுதாக மூவாயிரம் என்றே கொடுத்துவிட்டார். வாணலியில் ஊற்றிய எண்ணெய் வேறு, முறுக்கு குடித்த எண்ணெய் வேறு. அந்த வித்தியாசம் செயலிக்குத் தெரியாது. கொடுத்ததை அப்படியே முறுக்கின் எடையால் வகுத்துப் போடும்.

சொன்னதும் அவர் எண்ணெயை அடியோடு நீக்கிவிட்டு மறுபடி அனுப்பினார். இப்போது கொழுப்பு ஏறத்தாழ ஆறு கிராம்தான். அதாவது வேகவைத்த இட்லியைவிடச் சில கிராம்தான் அதிகம், பொரித்த முறுக்குக்கு!

சரியான வழி இது. எண்ணெயை வாணலியோடு எடை போடுங்கள். எல்லா ஈடும் பொரித்து முடித்து, ஆறவைத்து, அடியில் கிடக்கும் தூளை வடித்து எடுத்த பிறகு அதே வாணலியோடு மறுபடி எடை போடுங்கள். வடியவைத்த காகிதத்தையும் முன்னும் பின்னும் போடுங்கள். அது குடித்ததைக் கழிக்க வேண்டும். பொரியும்போது புஸ்ஸென்று கிளம்புகிற ஆவி மாவிலிருந்த தண்ணீர்தான், எண்ணெய் அல்ல. அதனால் இந்தக் கணக்கு ஓரளவு நம்பத்தக்கது.

அக்காவுக்கு வந்தது: முதலில் 3000, முடிவில் 2480, காகிதத்தில் 40. ஆக, முறுக்கு குடித்தது 480 கிராம். ஆறிய முறுக்கின் மொத்த எடை 1760 கிராம். வெண்ணெயின் கொழுப்பு சுமார் 81. இந்த இரண்டைக் கூட்டி 1760-ஆல் வகுத்தால் நூறு கிராமுக்கு 32 கிராம். எள்ளும் மாவும் தருவதைச் சேர்த்தால் இன்னும் ஒன்றிரண்டு கூடும். இது முறுக்குக்குப் பொருந்துகிற எண்.

மூன்று தடவை சுட்டு மூன்று தடவையும் எடை போடச் சொன்னேன். எண்ணெய் சூடு குறைந்த நாளில் முறுக்கு அதிகம் குடிக்கும். ஒரே ஒரு நாள் கணக்கை நம்பி ஆயிரம் லேபிள் அடிக்க வேண்டாம். மறுநாளே கேள்வி வந்தது: "தம்பி, கரண்டிய வாணலிக்குள்ளயே வச்சு எடை போட்டுட்டேன், பரவால்லையா?" முதலில் இருந்தால் கடைசியிலும் இருக்கட்டும் அக்கா, அவ்வளவுதான்.

பழைய சமையல் குறிப்பில் வனஸ்பதி இருக்கிறதா? பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெயை உணவில் சேர்ப்பதற்குச் சிங்கப்பூரில் 2021 ஜூன் 1 முதல் தடை. லேபிளைத் திருத்துமுன் செய்முறையைத் திருத்துங்கள்.

அறிகுறி: தொக்கு, ஜாம், அல்வா போன்றவற்றில் எண்கள் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு

வற்றவைக்கிற பண்டம் எல்லாவற்றிலும் வருகிற கோளாறு இது. தக்காளித் தொக்கை எடுத்துக்கொள்வோம். தக்காளி 2000 கிராம், நல்லெண்ணெய் 250, உப்பு 40, மிளகாய்த்தூள் 40, புளி 20. கூட்டினால் 2350 கிராம். பெரும்பாலான செயலிகள் இந்த 2350-ஐத்தான் "மொத்தம்" என்று எடுத்துக்கொள்ளும். அப்படி வகுத்தால் நூறு கிராமுக்குக் கொழுப்பு 10.6 கிராம். பார்க்க அழகாக இருக்கும்.

ஆனால் அடுப்பிலிருந்து இறக்கியது 900 கிராம். தண்ணீர் போய்விட்டது, எண்ணெயும் உப்பும் எங்கேயும் போகவில்லை. 250-ஐ 900-ஆல் வகுத்தால் கொழுப்பு 27.8 கிராம். இரண்டரை மடங்குக்கும் மேல்! சோடியத்திலும் இதே கதை. ஒரு கிராம் உப்பில் ஏறத்தாழ 390 மில்லிகிராம் சோடியம் என்று வைத்தால், 40 கிராம் உப்புக்கு 15,600 மில்லிகிராம். 900 கிராம் தொக்கில் பரவினால் நூறு கிராமுக்கு 1733. தப்பாக வகுத்தவருக்கு 664-தான் வந்திருக்கும். அதைப் பார்த்து "உப்பு குறைவு" என்று உறையிலும் எழுதிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

தீர்வு ஒரே ஒரு பெட்டியில் இருக்கிறது. செயலியில் "சமைத்த பின் எடை" என்றோ "ஈல்டு" என்றோ ஓர் இடம் இருக்கும், பெரும்பாலும் கண்ணில் படாத மூலையில். அங்கே 900 என்று எழுதுங்கள். அப்படி இடமே இல்லாத செயலி என்றால் அதை விட்டுவிட்டு எக்செல்லில் போடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

காலிப் பாத்திரத்தின் எடையை அதன் அடியில் மார்க்கரால் எழுதி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் தொக்கை வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டியதில்லை.

தலைகீழாகவும் நடக்கும். ஊறவைத்து அரைத்த மாவு, கொழுக்கட்டை, சமைத்த பருப்பு: இவை தண்ணீரைக் குடித்து எடை கூடுகிறவை. அங்கே எண்கள் அதிகமாகத் தெரிந்தால் காரணம் இதுவே.

அறிகுறி: 4-4-9 போட்டால் கலோரி இடிக்கிறது

புரதம் ஒரு கிராமுக்கு 4 கலோரி, மாவுச்சத்து 4, கொழுப்பு 9. எந்த லேபிளையும் இப்படி மனக்கணக்கில் சோதிக்கலாம். ஒரு இட்லிப் பொடி: புரதம் 20, கொழுப்பு 15, மாவுச்சத்து 50. எண்பது, நூற்று முப்பத்தைந்து, இருநூறு, மொத்தம் 415. லேபிளில் 387 என்று இருந்தது. 28 கலோரி எங்கே போனது?

நார்ச்சத்தில். அந்த 50 கிராமுக்குள் 14 கிராம் நார்ச்சத்து. அதற்குக் கிராமுக்கு 2 கலோரிதான் கணக்கு. 36 நான்கால், 14 இரண்டால் பெருக்கிப் பாருங்கள், 387 வந்துவிடும். அந்த லேபிளில் பிழை இல்லை. பருப்பும் எள்ளும் நிறைந்த பொடிகளில் இந்த இடைவெளி இயல்பு.

பிழை வருவது இரண்டு பட்டியலைக் கலக்கும்போது. அமெரிக்க வேளாண் துறையின் பட்டியலில் மாவுச்சத்து என்றால் நார்ச்சத்தும் உள்ளே. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பட்டியலில் நார்ச்சத்து தனி. உளுந்தை இதிலிருந்தும் கொப்பரையை அதிலிருந்தும் எடுத்தால் நார்ச்சத்து ஓரிடத்தில் இரண்டு தடவை எண்ணப்படும், அல்லது காணாமல் போகும். நம் ஊர்ப் பருப்பு, கீரை, சிறுதானியத்துக்கு இந்தியப் பட்டியல்தான் பொருத்தம் என்பது என் கருத்து; ஆனால் கலக்கும்போது ஒரே அளவுகோலுக்கு மாற்றிக்கொண்டு கலக்குங்கள்.

அந்த இந்தியப் பட்டியலில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கிறது. உளுந்துக்கு ஆயிரத்து முந்நூறுக்கு மேல் போட்டிருப்பதைப் பார்த்து அப்படியே கலோரி என்று எடுத்துவிடுகிறார்கள். 4.184-ஆல் வகுக்க வேண்டும். நினைவில் வைக்க ஒரு எல்லைக்கோடு: சுத்த எண்ணெய்க்கே நூறு கிராமுக்கு 900 கலோரிதான். அதற்கு மேல் எந்த உணவும் போக முடியாது.

அறிகுறி: ஒரே ஒரு சேர்மானத்தால் மொத்தக் கணக்கும் கோணல்

பெயர்க் குழப்பம். இதில் தமிழர்களுக்குத் தனி அனுகூலம், அதாவது தனித் தொல்லை. ஊரில் சோளம் என்றால் வெள்ளைச் சோளம். இங்கே பலருக்கு அது மக்காச்சோளம். கடையில் "சோள மாவு" என்று எழுதி விற்பது மக்காச்சோளத்தின் ஸ்டார்ச். அதில் புரதம் இல்லாத குறைதான். அமெரிக்கப் பட்டியலில் "கார்ன் ஃப்ளோர்" என்று தேடினால் முழு மக்காச்சோளத்தை அரைத்த மாவு வரும், புரதத்தோடு. நீங்கள் தேட வேண்டியது "கார்ன் ஸ்டார்ச்".

கடலை என்றால் நிலக்கடலையா கொண்டைக்கடலையா? பொட்டுக்கடலையா? கொழுப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒவ்வாமைப் பட்டியலிலும் அப்படியே. நிலக்கடலையைச் சொல்லாமல் விட்டால் அது வெறும் கணக்குப் பிழையோடு நிற்காது.

வெந்ததா வேகாததா என்பதையும் பாருங்கள். மசூர் பருப்பு போன்ற லென்டில் வகை வெந்தால் நூறு கிராமுக்கு 116 கலோரி, காய்ந்ததாக இருந்தால் சுமார் 350. செயலி முதலில் காட்டுகிற வரியைத் தொட்டுவிட்டு நகர்ந்தால் மூன்று மடங்கு பிழை.

அப்படியே பெருங்காய டப்பாவையும் திருப்பிப் பாருங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பது வழக்கம். "கோதுமை இல்லை" என்று போட்ட சாம்பார்ப் பொடி லேபிளை நான் நிறுத்தியது அந்த ஒரு டப்பாவால்.

அறிகுறி: சோடியம் கண்டபடி இருக்கிறது

மிகக் குறைவு என்றால், கிராமையும் மில்லிகிராமையும் குழப்பியிருப்பீர்கள். மிக அதிகம் என்றால், உப்பின் எடையையே சோடியம் என்று எழுதியிருப்பீர்கள். இரண்டும் இல்லை என்றால் உப்பு அல்லாத சோடியத்தைத் தேடுங்கள்: ஆப்ப சோடா, சோயா சாஸ், அஜினமோட்டோ, அப்பளக்காரம். பத்து கிராம் ஆப்ப சோடாவில் மட்டும் 2700 மில்லிகிராமுக்கு மேல் சோடியம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2000-க்குள் என்பதுதான் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் பரிந்துரை.

"ருசிக்கேற்ப உப்பு" என்று குறிப்பில் இருந்தால் லேபிளே போட முடியாது. ருசியை எடை போட்டு எழுதுங்கள்.

அறிகுறி: விட்டமின் வரிசை முழுக்கப் பூஜ்யம், கொழுப்பும் பூஜ்யம்

அமெரிக்கப் பாணி செயலியிலிருந்து வந்த லேபிளாக இருக்கும். பட்டியலில் அளக்கப்படாமல் காலியாக இருந்த இடத்தைச் செயலி பூஜ்யம் என்று நிரப்பிவிடும். முருங்கைக்கீரைப் பொடியில் விட்டமின் ஏ பூஜ்யம் என்று அடித்து வந்த உறையை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். தெரியாத வரியை நீக்குங்கள். இங்கே அது கேட்கப்படவும் இல்லை. "தினசரித் தேவையில் இத்தனை சதவீதம்" என்ற பத்தியும் அவர்கள் ஊர் விதி, எடுத்துவிடுங்கள்.

கொழுப்பு பூஜ்யமாவது, எண்ணை முழு எண்ணாக்கும் (ரவுண்டிங்) விதியால். அந்நாட்டு விதிப்படி ஒரு பரிமாறலில் அரை கிராமுக்குக் குறைந்தால் பூஜ்யம் என்று போடலாம். நூறு கிராமுக்கு 8 கிராம் கொழுப்புள்ள பொடியை 5 கிராம் கரண்டியாகப் பரிமாறினால் 0.4, உடனே பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை இருபதால் பெருக்கி நூறு கிராம் பத்தியிலும் பூஜ்யம் என்று போட்டால் முடிந்தது கதை. நூறு கிராமுக்கு முதலில் கணக்கிட்டு, அதிலிருந்து கரண்டிக்கு இறங்குங்கள். ஏறு வரிசையில் போகவே கூடாது.

அறிகுறி: "சர்க்கரை இல்லை" என்று எழுதியாயிற்று, அட்டவணையில் சர்க்கரை 42 கிராம்

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, தேன். வெள்ளைச் சீனி போடவில்லை என்பதால் சர்க்கரை இல்லை என்று ஆகாது. சர்க்கரையே இல்லை என்று சொல்ல வேண்டுமானால் நூறு கிராமுக்கு 0.5 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. "கருப்பட்டி சேர்த்தது" என்று உள்ளதைச் சொல்லுங்கள். வாங்குகிறவர்கள் வாங்கத்தான் செய்வார்கள். "நீரிழிவைக் குணமாக்கும்", "பிபி குறையும்" என்றெல்லாம் எழுதவே கூடாது, நோயைத் தீர்க்கும் என்று உணவின் உறையில் சொல்வது இங்கே விதிமீறல்.

அறிகுறி: சர்பத் போத்தலில் எந்த எழுத்து போடுவது என்று தெரியவில்லை

உறையிட்ட பானங்களுக்கு நியூட்ரி-கிரேட் 2022 டிசம்பர் 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓராண்டு கழித்து, 2023 டிசம்பர் 30 முதல், கடையில் அப்போதே கலக்கித் தருகிற பானங்களுக்கும் வந்தது. நூறு மில்லிக்குச் சர்க்கரை ஒரு கிராம் வரை ஏ, ஐந்து வரை பி, பத்து வரை சி, அதற்கு மேல் டி. நிறைவுற்ற கொழுப்புக்கும் தனி வரம்பு உண்டு: 0.7, 1.2, 2.8 கிராம். இரண்டில் எது மோசமோ அதுதான் உங்கள் எழுத்து. இனிப்பூட்டி சேர்த்தால் சர்க்கரை பூஜ்யமானாலும் ஏ கிடைக்காது. சி, டி வந்தால் முத்திரை போடுவது கட்டாயம். டி பானத்துக்கு விளம்பரம் செய்யத் தடை.

வழக்கமான தப்பு, போத்தலின் அளவை மறந்துவிடுவது. 300 மில்லி நன்னாரி சர்பத்தில் 36 கிராம் சீனி என்றால் 36 அல்ல உங்கள் எண், 12. அது டி. 30 கிராமாகக் குறைத்தால் சி-யின் விளிம்பு. 15-க்கு இறங்கினால் பி. விளிம்பில் நிற்காதீர்கள். ஒரு நாள் பாகு கொஞ்சம் கெட்டியானால் எழுத்து மாறிவிடும்.

உப்பு, சாஸ், மசாலாக் கலவை, உடனடி நூடல்ஸ், சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்கும் 2027 நடுவில் இதை விரிவாக்கப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். தொக்கு, சட்னி போடுகிறவர்கள் தங்கள் பண்டம் எந்த வகையில் சேரும் என்று சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

அறிகுறி: ஆய்வகம் ஒன்று சொல்கிறது, உங்கள் கணக்கு வேறு சொல்கிறது

முதலில் ஈரப்பத வரியைப் பாருங்கள். ஆய்வகத்தில் ஈரப்பதம் 9 சதவீதம், உங்கள் கணக்கில் 4 என்றால், நீங்கள் அனுப்பிய பொடி வழியில் ஈரம் குடித்திருக்கிறது, அல்லது உங்கள் ஆறிய எடை தப்பு. இந்த ஊர்க் காற்றில் திறந்து வைத்த பொடி அரை நாளில் கட்டி தட்டும். மாதிரியை அடைத்து அனுப்புங்கள், ஒரே ஈட்டிலிருந்து எடுக்காமல் மூன்று ஈட்டைக் கலந்து அனுப்புங்கள். ஈரப்பதம் ஒத்துப்போய் கொழுப்பு மட்டும் இடித்தால் எண்ணெய் எடையைத் திரும்பப் பாருங்கள். இரண்டு எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்துச் சமாதானம் செய்ய வேண்டாம். ஏதோ ஒன்று தப்பு, எது என்று கண்டுபிடியுங்கள். ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சிங்கப்பூர் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, ப்ரின்ட் ஆனதும் இடிக்கிறது

200 கிராம் பாக்கெட், பரிமாறும் அளவு 15 கிராம் என்றால் 13.3 தடவை வரும். "சுமார் 13" என்று போடுங்கள். ஒரு மேசைக்கரண்டி 15 மில்லி. எண்ணெய் என்றால் 14 கிராம்கூட வராது, தேன் என்றால் 20-ஐத் தாண்டும். கரண்டியை நம்பாமல் உங்கள் பொருளை உங்கள் கரண்டியில் எடுத்து எடை போடுங்கள்.

எழுத்து உயரம் 1.5 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. கணினித் திரையில் எல்லாமே பெரிதாகத்தான் தெரியும். முதலில் ஒரே ஒரு லேபிளை நிஜ அளவில் அச்சடித்து, டப்பாவில் சுற்றி ஒட்டி, ஸ்கேலை வைத்துப் பாருங்கள். அக்கா அப்படி ஒட்டிப் பார்த்தபோது டப்பாவின் வளைவில் சோடியம் வரி பின்பக்கம் போய், விலை ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்துகொண்டது. விலையை மூடிக்கு மாற்றிவிட்டார்.